கொயோட்டிக்கு எந்தத் துப்பாக்கி? ஒரு நீளமான பதில்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

டெக்சாஸில் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான்) வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினான். "சார், கொயோட்டி வந்து மூணு குட்டியைத் தூக்கிட்டுப் போயிருச்சு. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு துப்பாக்கி சொல்றார், கடைக்காரர் வேற சொல்றார். .223, .22-250, .243ன்னு ஒரே நம்பரா இருக்கு. இதெல்லாம் என்ன சார்?"

இயற்பியல் வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று என் வீட்டம்மா சிரித்தார். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது முழுக்க இயற்பியல்தான். கூடவே நூற்றைம்பது வருட அமெரிக்க வரலாறும் இருக்கிறது. துப்பாக்கியோடு எனக்குள்ள பழக்கம் கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிளால் தரையில் படுத்துச் சுட்ட சில குண்டுகளோடு சரி. மற்றது எல்லாம் படித்தது.

முதலில் அந்த மிருகத்தைப் பார்ப்போம். கொயோட்டி என்ற சொல் மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்டிலில் 'கொயோட்ல்' என்று இருந்து, ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1804இல் மேற்கு நோக்கிப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் அதைப் புல்வெளி ஓநாய் என்று குறித்துக்கொண்டார்கள். 1823இல் தாமஸ் சே என்ற இயற்கையியலாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்: கேனிஸ் லேட்ரன்ஸ், அதாவது குரைக்கும் நாய். நம் ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து கிலோ, ஒரு தெருநாய் அளவுதான். குளிர்காலத்தில் உரோமம் புசுபுசுவென்று வளர்ந்து பெரிதாகத் தெரியும். உள்ளே உடம்பு ஒல்லி. ஒரே குண்டில் வேதனையில்லாமல் சாக வேண்டுமானால் குண்டு பட வேண்டிய நெஞ்சுப் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சிறியது. அதுவும் 200 மீட்டர் தள்ளி, நிற்காமல் நகர்ந்துகொண்டு, எப்போதும் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்துக்கொண்டு. அந்த எண்கள் எல்லாம் இந்தச் சிறிய இலக்குக்காகப் பிறந்தவை.

19ஆம் நூற்றாண்டில் இதைத் துப்பாக்கியால் சுடுவது பெரும்பாலும் வீண் வேலை. அப்போது இருந்தது கருமருந்து. குண்டின் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 400, 500 மீட்டர் அளவில்தான் இருக்கும். அமெரிக்க ராணுவம் 1873இல் எடுத்துக்கொண்ட .45-70 தோட்டாவின் குண்டு 405 கிரெய்ன், வேகம் வினாடிக்கு சுமார் 410 மீட்டர்.

கிரெய்ன் என்றால் என்ன என்று கேட்பீர்கள். பழைய தானியமணி எடை, 64.8 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. உலகமே கிராமுக்கு மாறிய பிறகும் துப்பாக்கிக்காரர்கள் இதை விடவில்லை.

இப்போது கணக்கு. பதினொன்றாம் வகுப்பில் போட்டதுதான்: விழும் தூரம் என்பது அரை பெருக்கல் ஜி பெருக்கல் நேரத்தின் வர்க்கம். குண்டு குழலை விட்டு வெளியே வந்த கணமே, கையிலிருந்து நழுவிய கல்லைப் போல விழ ஆரம்பித்துவிடுகிறது. அந்த .45-70 குண்டு காற்றுத் தடையோடு 200 மீட்டரைக் கடக்க அரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் சுமார் ஒன்றரை மீட்டர் விழுந்திருக்கும். தூரத்தை 20 மீட்டர் தப்பாகக் கணித்தால் குண்டு கொயோட்டியின் காலடி மண்ணில் போய்ப் புதையும். தூரம் அளக்கும் கருவி எதுவும் இல்லாத காலம். ஆகவே பண்ணைக்காரர்கள் துப்பாக்கியை நம்பவில்லை. செத்த மாட்டின் இறைச்சியில் ஸ்ட்ரிக்னின் வைத்தார்கள். ஓநாய், கழுகு, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் சேர்ந்து செத்தன.

1884இல் பிரான்சில் பால் வியே என்பவர் புகையற்ற வெடிமருந்தைக் கண்டுபிடித்ததும் நிலைமை மாறியது. வேகம் கூடியது. வெறும் ஈயக் குண்டு அந்த வேகத்தில் குழலின் உள்மரையைப் பிடிக்க முடியாமல் வழுக்கியது. அதனால் ஈயத்துக்குச் செம்புக் கவசம் போட்டார்கள். 1915இல் சார்லஸ் நியூட்டன் வடிவமைத்த .250 சாவேஜ் தோட்டா வினாடிக்கு 3,000 அடி வேகத்தைத் தொட்டது. அந்த எண்ணைப் பெயரிலேயே சேர்த்து '250-3000' என்று விளம்பரம் செய்தார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1920களின் கடைசியில் ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ ஆயுதச் சாலையில் டவுன்சென்ட் வீலன் முதலான சில அதிகாரிகளும் துப்பாக்கிப் பித்தர்களும் ஒரு பழைய சின்னத் தோட்டாவை எடுத்துப் புது மருந்து போட்டு விளையாடினார்கள். அதுதான் .22 ஹார்னெட், 1930இல் வின்செஸ்டர் கம்பெனி விற்க ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், தோட்டா கடைக்கு வந்துவிட்டது, அதற்கான துப்பாக்கி கடையில் இல்லை. அது பிறகுதான் வந்தது. ஹார்னெட்டில் 150 மீட்டர் வரை நம்பிச் சுடலாம்.

அடுத்து 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட் ஒரே தாவாகத் தாவியது: 48 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 4,110 அடி. மீட்டரில் 1,250க்கு மேல், அதாவது ஒலியைப் போல மூன்றரை மடங்கு. ஆனால் அந்த அளவு சூடான வாயு குழலின் தொண்டையைத் தின்றுவிடும் என்ற கெட்ட பெயரும் கூடவே வந்தது. சிலர் மிகைப்படுத்தினார்கள் என்றாலும் அடிப்படை உண்மைதான். தொடர்ந்து வேகமாகச் சுட்டால் எந்த அதிவேகத் துப்பாக்கிக் குழலும் சீக்கிரம் தேயும்.

அதே காலத்தில் தனி மனிதர்கள் தங்கள் பட்டறையில் .250 சாவேஜின் பித்தளைக் கூட்டின் கழுத்தைக் குறுக்கி .22 குண்டைச் செருகினார்கள். அதனால் .22-250. இப்போது பெயர் புரிகிறதா? .22 குண்டு, 250இன் கூடு. கம்பெனி அங்கீகாரம் இல்லாமல் முப்பது வருடம் இப்படிக் கையால் செய்த தோட்டாவாகவே இது வாழ்ந்தது. 1963இல் ப்ரௌனிங் கம்பெனி தைரியமாக இதற்கென ரைபிள் விற்றது. 1965இல்தான் ரெமிங்டன் இதற்கு முறையான அளவு நிர்ணயித்துத் தோட்டாவை விற்க ஆரம்பித்தது. மாணவன் கற்றதை வாத்தியார் முப்பது வருடம் கழித்து ஒப்புக்கொண்ட மாதிரி.

.223இன் கதை வேறு. 1950இல் ரெமிங்டனின் மைக் வாக்கர் .222 என்ற தோட்டாவைப் புதிதாக வடிவமைத்தார். குறி தவறாமைக்குப் பேர் போனது. ராணுவம் எம்-16 துப்பாக்கிக்காகச் சின்னத் தோட்டா தேடியபோது இந்த .222இன் கூட்டைக் கொஞ்சம் நீட்டினார்கள். அந்த நீட்டிய தோட்டாவின் சாதாரணக் கடை வடிவம்தான் 1964இல் வந்த .223. வியட்நாம் போருக்காக லட்சக்கணக்கில் தயாரானதால் தோட்டா மலிவானது, பித்தளைக் கூடு எங்கும் கிடைத்தது. (.222, .223, .22-250, .220 ஸ்விஃப்ட் எல்லாவற்றிலும் குண்டின் விட்டம் ஒன்றேதான், 0.224 அங்குலம். பெயரில் உள்ள எண்ணை வைத்து எது பெரியது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.) ஒரு எச்சரிக்கை: ராணுவத்தின் 5.56 தோட்டாவும் .223உம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். .223 என்று மட்டும் முத்திரை உள்ள குழலில் 5.56ஐப் போடக் கூடாது.

.243 வின்செஸ்டர் 1955இல் வந்தது. .308இன் கூட்டைக் கழுத்துக் குறுக்கிச் செய்தது. குண்டு கனமானது, காற்றில் குறைவாக ஒதுங்கும், மானையும் சுடலாம். கொயோட்டிக்கு அது தேவைக்கு மேல்.

இப்போது பழைய கணக்கைத் திரும்பப் போடுங்கள். .22-250இல் 55 கிரெய்ன் குண்டு, 3.56 கிராம், வினாடிக்கு சுமார் 1,120 மீட்டர். 200 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி. விழுவது 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குள். .45-70இன் ஒன்றரை மீட்டர் எங்கே, இது எங்கே! பார்வைக் குழாயை 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்துவிட்டால், அதற்கு உள்ளே எங்கே நின்றாலும் நேராகக் குறிவைத்துச் சுடலாம். .223இல் அதே குண்டு 990 மீட்டர் வேகம். 200 மீட்டர் வரை பெரிய வித்தியாசம் இல்லை. 300க்கு மேல் போகும்போதும், காற்று அடிக்கும்போதும்தான் வித்தியாசம் தெரியும்.

துப்பாக்கிக் கதையோடு அரசியல் கதையும் ஓடியது. 1931இல் அமெரிக்க நாடாளுமன்றம், கால்நடையைத் தின்னும் விலங்குகளை ஒழிப்பதை ஒரு சட்டத்தின் மூலம் அரசு வேலையாகவே ஆக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு '1080' என்ற கொடிய விஷம் வந்தது. ஆனால் 1937 முதல் யெல்லோஸ்டோனில் அடால்ஃப் மியூரி என்ற அரசு உயிரியலாளர் கொயோட்டியின் சாணத்தைக் கிளறி ஆராய்ந்து, அது அதிகம் தின்பது எலி, பெருச்சாளி போன்ற சிறு பிராணிகளைத்தான் என்று 1940இல் எழுதிவிட்டார். துறையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் அரசு நிலங்களில் இந்த விஷங்களுக்குத் தடை போட்டார். அதே 1972இல்தான் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இங்கே நரியைச் சுட்டால் ஜெயில். அங்கே விஷம் போய், துப்பாக்கியின் வேலை கூடியது.

இதற்குள் டெக்சாஸின் மார்பிள் ஃபால்ஸ் ஊரில் பர்னம் சகோதரர்கள், அடிபட்ட முயல் அலறுவதைப் போல ஒலிக்கும் ஊதுகுழலைத் தபாலில் விற்றுப் பிரபலமாகியிருந்தார்கள். கொயோட்டியைத் துரத்த வேண்டாம், புதருக்குள் அமர்ந்து ஊதினால் அதுவே வரும். 1970களில் உரோமத்துக்கு நல்ல விலை கிடைத்தது. தோல் கிழியாமல் இருக்க 1971இல் .17 ரெமிங்டன் என்று 25 கிரெய்ன் குண்டுள்ள தோட்டாகூட வந்தது. குண்டு உள்ளே போய் நொறுங்கிவிடும், வெளியே வராது.

இத்தனை விஷமும் தோட்டாவும் செலவழித்த பிறகு என்ன ஆயிற்று? இன்றும் அமெரிக்க அரசின் துறை ஒன்றே ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கொயோட்டிகளைக் கொல்கிறது. முன்பு மேற்குப் புல்வெளியில் மட்டும் இருந்த விலங்கு இப்போது ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. ஓநாயை ஒழித்ததும் அந்த இடத்துக்கு இது வந்தது. இதைச் சுட்டுக் குறைத்த இடத்தில், மிஞ்சியவற்றுக்கு இரை கூடுதலாகக் கிடைத்து, அதிகக் குட்டிகள் பிழைத்தன. ஊரில் உள்ள கொயோட்டியை எல்லாம் சுட்டுத் தீர்க்கலாம் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னால், நூறு வருடமாக ஒரு அரசாங்கத்தால் முடியாததைச் சொல்கிறார். ஆட்டை விட்டுத் தள்ளியே இருக்கும் ஒரு ஜோடி தன் எல்லைக்குள் வேறு கொயோட்டியை விடாது; அதைச் சுட்டால் அந்த இடத்துக்கு வருவது எப்படிப்பட்டதோ தெரியாது.

ஆகவே என் பதிலைக் கேள். துப்பாக்கி வாங்கு, ஆனால் குட்டி தின்று பழகிய அந்த ஒன்றுக்காக. தோட்டா .223, கையால் பின்னிழுத்து ஒவ்வொன்றாகச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். உதை குறைவு, தோட்டா மலிவு, நிறையப் பழகலாம். கடைக்காரர் .22-250ஐப் புகழ்வது பொய்யில்லை, உன் நிலம் நான்கு பக்கமும் திறந்த வெட்டவெளியாக இருந்தால் அதுவே சரி. ஆனால் நீ அனுப்பிய படத்தில் கருவேலம் போன்ற முள்மரங்கள் மண்டிக் கிடக்கின்றன, 200 மீட்டருக்கு மேல் உனக்கு எதுவும் தெரியப்போவதில்லை. மானுக்கும் போகப்போகிறாய் என்றால் மட்டும் .243.

குழல் வாங்கும்போது மரை எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று கேள். ஆரம்பகால எம்-16இல் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தது. குளிர்ந்த அடர்த்தியான காற்றில் குண்டு தள்ளாடியதால் 12க்கு மாற்றினார்கள். 55 கிரெய்னுக்கு 12 போதும், கனமான குண்டுக்கு 8 வேண்டும். மெல்லிய கவசமுள்ள, பட்டதும் நொறுங்கும் குண்டாக வாங்கு. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் ஒருநாளும் சுடாதே. தப்பிய குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும், இருட்டில் பக்கத்துப் பண்ணை விளக்கு தெரியாது.

அமெரிக்காவில் விசாவில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஒன்று: தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கூட்டரசுச் சட்டத்தில் தடை உண்டு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளோடு. நண்பன் கொடுத்தான் என்று கையில் வாங்கிவிடாதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அடுத்து நாய். கிரேட் பைரனீஸ், அனடோலியன் என்று ஆட்டுக்காவலுக்கென்றே வளர்த்த பெரிய நாய் ஜாதிகள் டெக்சாஸில் தாராளமாகக் கிடைக்கின்றன. குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர வேண்டும், வீட்டுக்குள் கொஞ்சிக் கெடுக்கக் கூடாது. ஒன்று போதாது, இரண்டாக வாங்கு. அவை வளர்ந்து காவலுக்கு ஆக ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதுவரை குட்டி போடும் ஆடுகளை ராத்திரியில் பட்டிக்குள் அடை.