பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

2001ல் ஜார்ஜ் புஷ் அமெரிக்க ஜனாதிபதி ஆனபோது, வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் தரக் கவுன்சிலுக்கு சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக வந்து சேர்ந்தார் பிலிப் கூனி. வக்கீல், பட்டப்படிப்பு பொருளாதாரம். விஞ்ஞானி இல்லை. அதற்கு முன் பல வருடங்கள் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தவர். பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. அங்கே அவர் காலநிலைக் குழுவின் தலைவர். கரியமில வாயுவுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டு வரக்கூடாது என்று வாதாடிய பக்கத்தில் இருந்தவர், அந்த வாயுவைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளைச் சரிபார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்!

அப்போதைய சூழ்நிலையே அப்படித்தான் இருந்தது. மின் நிலையங்களின் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்துவேன் என்ற தேர்தல் வாக்குறுதியை புஷ் 2001 மார்ச்சிலேயே கைவிட்டார். துணை ஜனாதிபதி டிக் செனி தலைமையில் எரிசக்திக் கொள்கைக் குழு ஒன்று கூடியது. அதற்கு ஆலோசனை சொன்ன வெளியாட்கள் யார் யார் என்று கேட்டுப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2005ல் தள்ளுபடியானது.

கூனி விஷயத்தில் மறைக்க முடியாத ஒரு சாட்சி இருந்தது: அவருடைய கையெழுத்து. விஞ்ஞானிகள் எழுதி, அவர்களுடைய மேலதிகாரிகளும் ஒப்புதல் கொடுத்துவிட்ட வரைவுகளில் அவர் பேனாவால் திருத்தினார். பெரிய பொய் எதையும் எழுதவில்லை. வெப்பம் ஆர்க்டிக் நிலப்பகுதிகளை "பாதிக்கும்" என்று இருந்தால் அது "பாதிக்கக்கூடும்" ஆகும். உயிரினங்களில் காணும் மாற்றங்களுக்குக் காலநிலைதான் காரணம் என்று நிறுவுவது "கடினம்" என்றிருந்தால், முன்னால் "மிக மிக" என்ற பொருளில் ஒரு சொல் சேரும். மலைப் பனியும் பனியாறுகளும் குறையும் என்று சொன்ன பத்தி முழுதாக அடிக்கப்பட்டது. அது ஊகம் என்று ஓரத்தில் குறிப்பு வேறு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கவனமான எடிட்டர் செய்யக்கூடியதுதான். ஆனால் எல்லாத் திருத்தமும் ஒரே திசையில் போனால்? 2003ல் வந்த காலநிலை ஆய்வுத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்ட காங்கிரஸ் குழு, கூனியும் அவர் அலுவலகத்தாரும் செய்த திருத்தங்களை எண்ணியது. சந்தேகத்தைப் பெரிதாக்கியவை குறைந்தது 181, மனிதனின் பங்கைச் சிறிதாக்கியவை குறைந்தது 113.

அதே 2003ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின் கதி இன்னும் மோசம். வெள்ளை மாளிகை கேட்ட திருத்தங்களைச் சேர்த்தால் விஞ்ஞானம் திரிந்துவிடும் என்று, காலநிலைப் பகுதியையே அந்த நிறுவனம் எடுத்துவிட்டது!

காலநிலை ஆய்வுத் திட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த ரிக் பில்ட்ஸ் 2005 மார்ச்சில் ராஜினாமா செய்தார். அவர் வெளியே கொண்டு வந்த திருத்தப் பிரதிகள் ஜூன் 8ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் செய்தியாக வந்தன. வழக்கமான பரிசீலனைதான் என்றது வெள்ளை மாளிகை. இரண்டே நாளில் கூனி பதவி விலகினார். இது முன்பே எடுத்த முடிவு என்று விளக்கம் வந்தது. அடுத்த சில நாட்களில் அவரை வேலைக்கு எடுப்பதாக அறிவித்த கம்பெனி எது தெரியுமா? எக்ஸான்மொபில்.

2007 மார்ச்சில் காங்கிரஸ் குழு முன் கூனி சாட்சி சொன்னார். வெள்ளை மாளிகைக்கு வந்தபின் தன் விசுவாசம் ஜனாதிபதிக்கு மட்டும்தான், தேசிய அறிவியல் அகாதெமியின் 2001 அறிக்கையை ஒட்டித்தான் திருத்தினேன் என்பது அவர் வாதம். அந்த அறிக்கை நிச்சயமின்மைகளைப் பேசுவது உண்மைதான். ஆனால் மனிதச் செயல்களால் வாயுக்கள் சேர்ந்து வெப்பம் ஏறுகிறது என்றுதான் அது தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும்! கூனி மனதாரவே அப்படி நம்பியிருக்கலாம். 15 வருடம் ஒரு தரப்புக்கு வாதாடியவருக்கு அந்தத் தரப்பின் சந்தேகங்கள் நியாயமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. சிக்கலே அங்கேதான், அவர் நேர்மையாக ஒரு வார்த்தையை மாற்றியிருந்தாலும் அதை நம்ப யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று.

லாபி வேலை செய்தவர்கள், தாங்கள் லாபி செய்த விஷயத்தை அரசுப் பதவியில் இரண்டு வருடம் தொடக்கூடாது என்று ஒபாமா பதவியேற்ற மறுநாள், 2009 ஜனவரி 21 அன்று, உத்தரவு போட்டார். தேவைப்பட்டால் விலக்கு அளிக்கலாம் என்ற பிரிவும் அதே உத்தரவில் இருந்தது.