கேத வீட்டுக் கண்ணாடிப் பெட்டி

இறந்தவரின் உடலைக் கண்ணாடி மூடிய குளிர்பெட்டியில் வைத்து, தூரத்துச் சொந்தம் வந்து சேரும்வரை காத்திருப்பது கரிசல் நாட்டுக்குப் புதிய வழக்கம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்பு இது கிடையாது. காலையில் உயிர் பிரிந்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள்; இரவில் என்றால் மறுநாள் உச்சிக்குள். சித்திரை, வைகாசி வெயிலில் அதற்கு மேல் உடல் தாங்காது. அந்தக் கெடுவுக்குச் சொந்தபந்தமும் ஒத்துப்போனது. பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊரான பாலவனத்தத்தில் ஒருவர் இறந்தால், கேதம் சொல்லப் போகிறவர் சைக்கிளில் அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் போய்ச் சொல்லிவிட்டு, எடுப்பதற்கு முன் திரும்பிவிட முடியும்.

பிழைப்புதான் தூரத்தைக் கூட்டியது. வானம் பார்த்த இந்தப் பூமியில் பருத்தியும் மிளகாயும் கைவிட்ட வருஷங்களில் ஆட்கள் கிளம்பினார்கள். முந்தைய தலைமுறைகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போயின. பின்னால் வந்தவர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று வீடுகள் நடுங்கிய காலம் அது. தந்தி கண்டு மகன் புறப்பட்டு வந்து சேரும்போது இங்கே எரித்த பிறகு செய்யும் காடாத்து நடந்துகொண்டிருக்கும். பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத குறை ஆயுளுக்கும் ஆறாது.

முதல் மாற்று ஐஸ் கட்டி. டவுனிலிருந்து உமியோ மரத்தூளோ போட்டுச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, உடலைக் கிடத்திய பெஞ்சின் கீழும் பக்கத்திலும் அடுக்குவார்கள். 50 கிலோ ஐஸ் முழுவதும் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறக்குறைய 4.6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் இது 390 வாட் அளவு குளிர்ச்சி. கணக்கில் குறைவில்லை. ஆனால் திறந்த வீட்டில் அதில் பெரும்பங்கு சுற்றியிருக்கும் காற்றைக் குளிர்விப்பதிலேயே போய்விடும். உருகிய தண்ணீர் தரையெல்லாம் ஓட, அதன் நடுவே உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள்.

பெட்டி அந்தக் குளிர்ச்சியை வெளியே போகாமல் அடைத்து வைத்தது. இரட்டைச் சுவருக்குள் வெப்பம் புகாத நுரை, மேலே முகம் தெரியும் மூடி, ஒரு முனையில் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது போன்ற கம்ப்ரசர். ஓடும்போது அதற்குச் சில நூறு வாட் போதும். வாடகைக்குத் தருகிறவர்கள் வேனில் கொண்டுவந்து இறக்கி, வீட்டு பிளக்கில் செருகிவிட்டுப் போவார்கள். மின்சாரம் நிற்காதவரை ஒரு நாளும் ஒன்றரை நாளும் காத்திருக்கலாம்.

மின்சாரம் நின்றது. 2008-லிருந்து தமிழ்நாட்டில் மின்வெட்டு கூடிக்கொண்டே போனது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. பெட்டியோடு சிறிய ஜெனரேட்டரும் கேத வீட்டு வாசலுக்கு வந்தது இப்படித்தான். இயந்திரம் ஊருக்குப் புதிதல்ல. 1985-ல் தொடங்கிய ஸ்ரீராம் ஹோண்டா, ருத்ரபூர் ஆலையில் செய்து அனுப்பிய கையடக்க ஜெனரேட்டர்கள் கடைகளிலும் திருவிழாக்களிலும் ஏற்கெனவே பழகியிருந்தன. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகைகளும் இருந்தன. பங்குனிப் பொங்கலுக்கு டியூப் லைட்டும் மைக் செட்டும் ஓட்டிய அதே இயந்திரம் சாவு வீட்டுக்கும் வந்தது.

ஆனால் டியூப் லைட் வேறு, கம்ப்ரசர் வேறு. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல நாலைந்து மடங்கு மின்னோட்டம் கேட்கும். 400 வாட் கம்ப்ரசரை 650 வாட் ஜெனரேட்டர் தாங்கும் என்று காகிதத்தில் தோன்றும். வாசலில் நடப்பது வேறு: என்ஜின் திணறும், வோல்டேஜ் விழும், கம்ப்ரசர் சுழலாமல் உறுமிவிட்டுக் கட் ஆகும். வெயில் இதை இன்னும் கெடுக்கும். சூடான காற்றில் என்ஜினின் பலம் குறைகிறது. கம்ப்ரசரின் பளுவோ கூடுகிறது. சிறிய இயந்திரத்தால் ஆகாது என்று இரண்டு, மூன்று கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு மாறியது இதனால்தான்.

அனுபவமே முறைகளையும் கற்றுத் தந்தது. மின்சாரம் போனதும் அவசரப்பட்டு ஜெனரேட்டருக்கு மாற்றக் கூடாது. குழாய்களில் வாயு அழுத்தம் சமப்பட மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதற்கு முன் கிளப்பினால் கம்ப்ரசர் அழுத்தத்தை எதிர்த்துத் தொடங்க முடியாமல் நின்றுவிடும். அந்த இடைவெளியால் பெட்டிக்குள் கெடுதல் ஒன்றும் வராது, நுரைச் சுவர் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் பெட்டி, அது சீராக ஓடத் தொடங்கிய பிறகே லைட்டும் மின்விசிறியும். பெட்டியின் சூட்டுக் காற்று வெளியேறும் முனையைச் சுவரோடும் மாலைக் குவியலோடும் ஒட்டி வைக்கக் கூடாது. ஜெனரேட்டரைத் திண்ணையில் வைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கேத வீட்டிலோ விடிய விடிய ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். பந்தலைத் தாண்டி, காற்று வீட்டுப் பக்கம் வராத திசையில் வைத்து, நீளமான வயர் இழுப்பதுதான் சரி.

2014-க்குப் பின் மின்வெட்டு தணிந்தது. ஆனாலும் ஜெனரேட்டர் முழுதாகப் போய்விடவில்லை. மழைக்காலத்தில் கம்பி அறுந்தாலும், லைனின் கடைக்கோடி ஊரில் வோல்டேஜ் இறங்கினாலும் அதை எடுத்து வருகிறார்கள்.

வர வேண்டியவர்கள் வந்து முகம் பார்த்து அழுது தீர்த்த பிறகு, பங்காளிகள் நீர்மாலை எடுக்கப் போகிறார்கள். குடங்கள் தெருமுனையில் திரும்பும்போது பெட்டியை அணைத்து மூடியைத் தூக்கி, உடலைக் குளிப்பாட்ட வெளியே எடுக்கிறார்கள். தேர் சுடுகாட்டுப் பாதையில் போனதும், வேன்காரர் பெட்டியைக் கழுவித் துடைத்து, ஜெனரேட்டரோடு ஏற்றிக்கொண்டு போகிறார்.