ஒரு இண்டுக்கு எத்தனை பைட்டு?

"இண்டுக்கு எத்தனை பைட்டு?"ன்னு கேட்டா எங்க காலேஜ் லேப்ல அத்தனை பேரும் கோரஸா "ரெண்டு"ன்னு சொல்லுவோம். டர்போ சியோட நீலத்திரையில அதுதான் உண்மை, பரீட்சையிலயும் அதுதான் மார்க். அந்த ரெண்டை நம்பி எங்க மாமாவோட மளிகைக் கடைக்கு ஒரு கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். நல்லாத்தான் ஓடிச்சு, தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும். அன்னிக்கு கல்லாவில 35,250 ரூபாய். திரையில -30,286.

"ஏன் மாப்ளே, நான் யாவாரம் பண்ணினேனா, கடன் வாங்கினேனா?"ன்னார் மாமா. 16 பிட் இண்ட் 32,767-க்கு மேல போகாதுன்னு அவருக்கு எப்படிச் சொல்றது?

அந்த டேட்டா ஃபைல் ஒரு பழைய சிடியில இருக்கு. போன மாசம் மாமா பையன், "அப்பா காலத்துக் கணக்கை எடுக்க முடியுமா"ன்னு கேட்டான். அதுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, இந்த இண்ட் ஏன் இப்படி ஊருக்கு ஒரு அளவா இருக்குங்கற கதையைச் சொல்லிடறேன்.

சிக்கு முன்னால பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸன் உருவாக்கிய பி மொழி இருந்தது. அதில் டைப் என்ற பேச்சே இல்லை. எல்லாமே ஒரு 'வேர்ட்'. பிடிபி-7 மெஷினில் வேர்டுன்னா 18 பிட். எண்ணா, எழுத்தா, முகவரியா எல்லாம் அதுக்குள்ளதான். பிறகு பிடிபி-11 வந்தது. அதில் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. பி மொழியோ பாயிண்டரை வேர்டு வரிசை எண்ணா நினைச்சுக்கிட்டு இருந்தது, அதனால ஒவ்வொரு தடவையும் அதை பைட் முகவரியா மாத்த வேண்டிய தண்டச்செலவு. டென்னிஸ் ரிட்சி 1971-ல் சார், இண்ட் என்று டைப்களைச் சேர்க்க ஆரம்பிச்சதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இண்ட் என்றால் 'இந்த மெஷினுக்கு வசதிப்பட்ட அளவு'. பிடிபி-11-க்கு வசதி 16 பிட். அவ்வளவுதான் சங்கதி. யாரும் உலகத்துக்கே சட்டம் போட உட்காரவில்லை.

16 பிட் போதாதுன்னு அவங்களுக்கே சீக்கிரம் தெரிஞ்சுபோச்சு. முதல் யூனிக்ஸ் நேரத்தை 1971 ஜனவரி 1-லிருந்து நொடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணியது, 32 பிட்டில். கணக்குப் போட்டுப் பாருங்க, 828 நாளில் தீர்ந்துவிடும்! பிறகுதான் நொடிக் கணக்கும் 1970-ம் வந்தது. அன்றைய சியில் லாங் கிடையாது. அதனால டைம் ஃபங்ஷனுக்கு ரெண்டு இண்ட் வைத்த அர்ரேயின் முகவரியைக் கொடுப்பாங்க, அது பாதிப் பாதியா நிரப்பித் தரும். இன்னிக்கும் டைம் ஃபங்ஷன் ஒரு பாயிண்டரைக் கேட்குது, நாமளும் ஏன் எதுக்குன்னு கேட்காம நல் கொடுத்துட்டுப் போறோம். லாங் இல்லாத காலத்தோட தழும்பு அது.

கதை சூடுபிடிப்பது 1977-ல். ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் யூனிக்ஸை இண்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் மெஷினுக்குக் கொண்டுபோனாங்க. (அதே வருஷம் ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இண்டர்டேட்டா 7/32-ல் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.) பிடிபி-11-ல் இண்டும் பாயிண்டரும் ஒரே அளவு என்பதால் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டு எழுதின கோடு ஏராளம். புது மெஷினுக்குப் போகும்போது அதெல்லாம் ஒவ்வொண்ணா பல்லை இளிச்சது. இந்த மாதிரி தில்லுமுல்லைப் பிடிக்கத்தான் ஜான்சன் எழுதிய லிண்ட் உதவியது.

1978-ல் வந்த கெர்னிகன், ரிட்சி புத்தகத்தில் ஒரு குட்டி அட்டவணை உண்டு. இண்ட்: பிடிபி-11-ல் 16, ஹனிவெல் 6000-ல் 36, ஐபிஎம் 370-லும் இண்டர்டேட்டாவிலும் 32. ஹனிவெல்லில் சார் கூட 9 பிட்! ஆக மொழியைப் பெத்தவங்க முதல் புத்தகத்திலேயே எச்சரித்துவிட்டாங்க. நாமதான் அட்டவணையைத் தாண்டிப் படிச்சோம்.

1989-ல் வந்த ஆன்சி தரமும் அளவை நிர்ணயிக்கலை. இண்ட் குறைந்தது 16, லாங் குறைந்தது 32 பிட் தாங்கணும்னு மட்டும் சொல்லிச்சு. அதுக்குள்ள வாக்ஸ் பழகினவங்களுக்கு உலகமே 32 பிட், டாஸ் பழகின நமக்கு உலகமே 16.

அடுத்த பூகம்பம் 64 பிட். யூனிக்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் எல்பி64-ஐ எடுத்தன: லாங்கும் பாயிண்டரும் 64, இண்ட் 32-லேயே இருக்கட்டும். இண்டையும் 64 ஆக்கிட்டா ஷார்ட் ஒண்ணை வச்சுக்கிட்டு 16-க்கும் 32-க்கும் எங்க போறது? மைக்ரோசாஃப்ட் வேற வழி. விண்டோஸில் லாங்கையும் 32-லேயே விட்டாங்க, பாயிண்டரும் லாங் லாங்கும் மட்டும் 64. திட்டறவங்க நிறைய, ஆனா அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. பிஎம்பி படத்தோட ஹெட்டர்லயே அகலமும் உயரமும் லாங்னு எழுதியிருக்கு. லாங் வீங்கினா டிஸ்க்கில் இருக்கற அத்தனை படமும் அம்போ.

64 பிட்டில் நான் பட்ட கொடுமை ஒண்ணு சொல்றேன். ஸ்டட்லிப் ஹெட்டரைச் சேர்க்காம மேலாக் கூப்பிட்டா, பழைய சி விதிப்படி கம்பைலர் அது இண்ட் திருப்பித் தரும்னு நினைச்சுக்கும். 32 பிட்டில் ஜோரா ஓடும். 64-ல் பாயிண்டரின் மேல் பாதி வெட்டுப்பட்டு, எங்கேயோ சம்பந்தமில்லாத இடத்தில் செத்து விழும். மேலாக்குக்கு முன்னால காஸ்ட் போட்டு எழுதற பழக்கம் இருந்தா அந்தக் கால கம்பைலர் எச்சரிக்கைகூட தராது. எங்களுக்கு லேப்ல காஸ்ட் போடத்தான் சொல்லிக் கொடுத்தாங்க :-)

1999 தரம் ஒருவழியா ஸ்டட்இண்ட் ஹெட்டரைக் கொடுத்தது. இண்ட்32_டி என்றால் 32 பிட்தான், பேச்சே இல்லை. மெஷினில் அந்த அளவு இல்லைன்னா அந்தப் பெயரே இருக்காது, கம்பைல் ஆகாது. தப்பா ஓடறதைவிட அது எவ்வளவோ மேல். ஆனா எல்லா இடத்திலும் இதையே அள்ளித் தெளிக்கறவங்களோட எனக்கு உடன்பாடில்லை. சும்மா லூப் எண்ண இண்ட் போதும். ஃபைலுக்கோ நெட்வொர்க்குக்கோ போற விஷயத்துக்குத்தான் அளவு கறாரா வேணும்.

நேரக் கணக்கு இன்னும் முடியலை. குறியோடு கூடிய 32 பிட் டைம்_டி, 2038 ஜனவரி 19 அன்று நம்ம ஊர் நேரம் காலை 8:44:07-க்குத் தீர்ந்துவிடும். ஓப்பன்பிஎஸ்டி 2014-லேயே எல்லாவற்றையும் 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. 32 பிட் மெஷின்களுக்காக லினக்ஸ் கெர்னல் 2020-ல் 5.6-ல் தயாரானது.

சரி, மாமா கணக்கு. என் ஸ்ட்ரக்டில் தேதிக்கு 9 எழுத்து, விற்பனைக்கு ஒரு இண்ட், கடனுக்கு ஒரு இண்ட். டர்போ சியில் அது 13 பைட். இன்றைய 64 பிட் லினக்ஸில் இண்ட் 4 பைட், நடுவில் 3 பைட் இட்டு நிரப்பல், மொத்தம் 20. அப்படியே எஃப்ரீட் போட்டதில் முதல் தேதி மட்டும் சரியா வந்தது, மத்ததெல்லாம் குப்பை. அப்புறம் ஸ்ட்ரக்டைத் தூக்கிப் போட்டுட்டு பதிமூணு பதிமூணு பைட்டா படிச்சேன். கீழ் பைட்டையும் எட்டு பிட் தள்ளின மேல் பைட்டையும் சேர்த்து, குறியில்லாத 16 பிட் எண்ணா எடுத்தேன். கடனுக்கும் அதே.

தீபாவளிக்கு முந்தின நாள் வரிசை வந்தது: 35,250. பிட் எதுவும் தொலையவே இல்லை, நான் படிச்ச விதம்தான் தப்பு. 65,535-ஐத் தாண்டின நாள் ஏதாவது இருந்திருந்தா அது போனது போனதுதான். நல்லவேளை, மாமா கடை அவ்வளவு பெரிசில்லை. பட்டியலை பிரிண்ட் எடுத்து மாமா பையனுக்கு அனுப்பிட்டேன்.