துண்டும் கடிதமும்: நம் ஆரம்ப வகுப்புகளுக்கு எழுத்து வந்த வழி

நூற்றாண்டு மலருக்கு ஆரம்பப் பிரிவைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கட்டடங்களையும் அதிபர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள் என்ற தைரியத்தில் ஒரு சிறிய கேள்வியை எடுத்துக்கொண்டேன். லிந்துலைப் பக்கத்துப் பிள்ளைகள் தாங்களாக எழுதத் தொடங்கியது எப்படி? கரும்பலகையைப் பார்த்து எழுதுவதையோ சொல்வதெழுதுதலையோ நான் சொல்லவில்லை. தன் மனதில் இருப்பதைத் தன் சொந்த வாக்கியத்தில் ஒரு பிள்ளை கொப்பியில் எழுதுவதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கனம் உண்டு. நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் காகிதம் என்பது மற்றவர்கள் நம்மைப் பற்றி எழுதிவைப்பது. அதில் மிகப் பெயர் பெற்றது ‘துண்டு’. இன்ன தொகைக் கடனை அடைத்தால் இந்தத் தொழிலாளியை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டோடு கடனும் ஆளும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறின. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அது ஒழிந்தது. துண்டு போனாலும் செக்ரோல் இருந்தது. முழுப்பேரா அரைப்பேரா என்பதைக் கணக்கப்பிள்ளையின் பென்சில் தீர்மானித்தது. பின்னர் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்த நாட்டில் எத்தனை வருடம் இருந்தோம் என்பதைக் காகிதங்களால் நிரூபிக்க வேண்டியதாயிற்று. வாழ்ந்தவர்கள் இருந்தார்கள், காகிதம்தான் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர், கிளினிக் அட்டையில் மூன்றாவது பெயர் என்று இன்றும் என்னிடம் வருபவர்கள் உண்டு. மூன்றையும் எழுதியவர்கள் வேறு யாரோ.

தோட்டங்களில் பாடசாலை என்ற ஒன்று இருப்பதற்கு மிஷன்மார் முதற்காரணம். 1854இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் அவற்றுள் பழையது. அதன் பெயரே அந்தக் காலத்தைச் சொல்லிவிடுகிறது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்தில் உள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. லயத்துக் காம்பரா ஒன்று, அல்லது கோயிலடி, அல்லது பிள்ளைமடுவத்தின் ஒரு பக்கம். ஒரே ஓர் ஆசிரியர். எல்லா வகுப்பும் ஒன்றாக. பத்து வயதோடு முடிந்துபோகும் படிப்பில் சிலேட்டும் அரிச்சுவடியும் கொஞ்சம் கணக்கும் அடங்கின. தன் பெயரைப் போடத் தெரிந்தால் போதும் என்பதற்கு மேல் அந்த ஏற்பாட்டிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பிள்ளைகளை அது எட்டவில்லை. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகள் அப்போதும் நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. எழுபதுகளில்தான் அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின.

இந்தக் கதையில் ஒரு வெளிநாட்டு வாத்தியாரை நடுவில் கொண்டுவர அனுமதியுங்கள். நம் பள்ளி பிறந்த அதே காலம். தெற்கு பிரான்சில் பார்-சுர்-லூ என்ற சிறு ஊரில் செலெஸ்தன் ஃப்ரெனே என்ற இளம் ஆசிரியர் இருந்தார். முதலாம் உலகப் போரில் நுரையீரல் பாதிக்கப்பட்டவர். நாள் முழுக்கக் குரலெழுப்பிப் படிப்பிக்க அவரால் முடியாது. (மருத்துவராக இருப்பதால் இந்த விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.) பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப் போவார். திரும்பி வந்து, கண்டதை அவர்களே சொல்வார்கள், எழுதுவார்கள். 1924 அளவில் ஒரு சிறிய அச்சுப் பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, அந்த எழுத்தைப் பிள்ளைகளைக் கொண்டே அச்சுக் கோக்க வைத்தார். அச்சான தாள்கள் தபாலில் வேறோர் ஊர்ப் பள்ளிக்குப் போயின. அங்கிருந்து அந்தப் பிள்ளைகளின் தாள்கள் வந்தன. வாசிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளை எழுதும். அவர் கண்டுபிடித்தது இவ்வளவுதான், ஆனால் இது பெரிய விஷயம்.

லிந்துலையில் எங்களுக்கு அச்சுப் பொறி இருக்கவில்லை. ஆனால் வாசிக்கக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னார்க் கப்பலில் போனவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறினார்கள். 1984இல் கப்பலும் நின்றுபோனது. அதன்பின் இரு கரைக்கும் நடுவே இருந்தது நீல நிற ஏரோகிராம் ஒன்றுதான். லயத்தில் பெரியவர்கள் பலருக்கு எழுதத் தெரியாது. ஆகவே மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பிள்ளைதான் அந்த வரிசைக்கே கடிதக்காரி. நானும் எழுதியிருக்கிறேன். ‘நலம், நலமறிய ஆவல்’ வரை கை தானாக ஓடும். அதற்குப் பிறகு அடுத்த வீட்டுப் பாட்டி சொல்லச் சொல்ல, எதை முதலில் போடுவது, எதை விடுவது என்று ஒன்பது வயதில் முடிவெடுக்க வேண்டும். இடமோ கொஞ்சம், ஓரத்தில் குறுக்காகவும் எழுதி நிரப்புவோம்.

எங்களுக்கு நான்காம் ஆண்டில் படிப்பித்த டீச்சர் இதைக் கவனித்தவர். கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரியில் நின்றுபோகும் பிள்ளைகள், வீட்டில் கடிதம் எழுதும்போது தாள் போதாமல் தவிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில், இங்கிருந்து போன யாராவது ஒருவருக்கு இந்தக் கிழமை தோட்டத்தில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள் என்பார். வீட்டுக் கடிதத்தில் உள்ளதை வகுப்பில் சொல்லக் கூடாது என்பதும் அவருடைய விதி. சிவப்புப் பேனையால் கோடு போட மாட்டார். பக்கத்தில் வந்து நின்று, “பிறகு?” என்பார். “அப்போது அம்மா என்ன சொன்னார்?” என்பார். பிழையான சொற்களை, யாருடையவை என்று சொல்லாமல், திங்கட்கிழமை பலகையில் சரியாக எழுதிப் போடுவார். நல்லவற்றைப் பழுப்புத் தாளில் ஒட்டிச் சுவர்ப் பத்திரிகையாக்குவார். மாணவர் மன்றத்தில் வாசிக்கச் சொல்வார். வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி, மழையில் நனைந்த அம்மாவின் படங்கு எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்ததை எழுதியிருந்தாள். அதை வாசித்த நாளில் அந்தச் சுவரைப் பார்க்க மேல் வகுப்பு அக்காமார் வந்து நின்றார்கள்.

ஃப்ரெனேயைப் பற்றி எங்கள் டீச்சர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. தேவையும் இல்லை.

பெரியவர்களின் எழுத்தும் இங்கே இப்படித்தான் வந்தது. 1940இல் மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக எழுதி நூலாக்கினார். தோட்டத்தில் பாடவும் செய்தார். வட்டகொடைப் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, நம் பாட்டிமாரின் வாயிலிருந்த பாடல்களைத் தேடித் தொகுத்தார். அறுபதுகளில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகளை 1971இல் ‘கதைக் கனிகள்’ என்று வீரகேசரி நூலாக்கியது. யாரோ கேட்டார்கள், அதனால் எழுதினார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் சுவீடனின் சீடா உதவியோடு புதிய கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. தொண்ணூறுகளில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அமைந்தது. நம் பழைய மாணவியர் சிலரும் அங்கே பயின்று இதே பிரதேசத்துக்கு ஆசிரியைகளாகத் திரும்பினார்கள். 1999இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் நேர அட்டவணையில் இடம் கொடுத்தது. தமிழ் மொழித் தினப் போட்டிகளில் வாசிப்பும் பாவோதலும் உறுப்பமைய எழுதுதலும் சின்னப் பிள்ளைகளை மேடைக்கும் மேசைக்கும் கொண்டுவந்தன. இவையெல்லாம் நன்மைதான். ஆனாலும் ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நம் பிள்ளைகளுக்கு ஒரு கதவு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அதற்கென்று மனப்பாடம் செய்யும் கட்டுரைகளைப் பாருங்கள். ‘எங்கள் வீட்டுத் தோட்டம்’ என்று ஒன்று. அதில் மாமரம் காய்த்துத் தொங்குகிறது, தென்னை நிற்கிறது. லிந்துலைக் குளிரில் மாங்காயை யார் கண்டது? நமக்குத் தோட்டம் என்றால் ஹென்போல்டும் பம்பரகலையும் லோகியும். லயத்துக்குப் பின்னால் லீக்சும் கரட்டும் போட்ட ஒரு துண்டு நிலம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் புள்ளி குறைந்துவிடுமா? அண்மையில் ஒரு பிள்ளையிடம் கேட்டேன். “அது கட்டுரையில இல்ல மிஸ்” என்றாள்.

என் தொழிலில் இதன் விளைவைத் தினமும் பார்க்கிறேன். மருத்துவரின் பாதி வேலை நோயாளி சொல்வதைக் கேட்பது. எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன, பிறகு என்ன. சில தாய்மார் இதைக் கோவையாகச் சொல்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவை மணிக்கணக்கோடு சொல்வார்கள். சிலர், படித்தவர்களும்கூட, “சொல்லத் தெரியல்ல” என்று நிறுத்திவிடுவார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லும் பழக்கம் பத்து வயதுக்குள் கையில் வந்தால் அது போவதில்லை என்பது என் அனுபவம். ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

நூற்றாண்டை முன்னிட்டுக் கேடயங்களும் பரிசுப் பொதிகளும் வழங்கச் சங்கம் யோசிப்பதாக அறிகிறேன். என் வேண்டுகோள் வேறு. ஆரம்பப் பிரிவுக்கு வருடம் முழுக்கப் போதுமான வெற்றுக் கொப்பிகளும் பழுப்புத் தாளும் பசையும் கொடுப்போம். இந்த மலரை கனடாவிலும் கோத்தகிரியிலும் மத்திய கிழக்கிலும் இருந்து வாசிக்கும் சகோதரிகள் ஒவ்வொருவரும், மூன்றாம், நான்காம் தரப் பிள்ளை ஒருத்திக்குத் தவணைக்கு ஒரு கடிதம் எழுதலாம், வகுப்பாசிரியை வழியாக. அவள் பதில் எழுதுவாள். இன்னுமொன்று: நாம் எழுதிய பழைய ஏரோகிராம்கள் நீலகிரியில் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், படம் பிடித்துப் பள்ளி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். திகதியையும் தோட்டத்தின் பெயரையும் பின்பக்கம் குறித்துவிட மறக்க வேண்டாம்.