கிரேக்கத் தொன்மத்தில் எரிஸும் ஸேலோஸும்

பண்டைக் கிரேக்கர் மனவுணர்வுகளையும் தெய்வங்களாகக் கண்டனர். அவர்தம் மொழியில் 'எரிஸ்' என்பது பூசலையும் போட்டியையும் ஒருங்கே உணர்த்தும் சொல். அதுவே ஒரு பெண் தெய்வத்தின் பெயருமாகும். ஹோமரின் இலியத்தில் அவள் போர்க்கடவுளின் உடன்பிறந்தாள்; தோன்றுங்கால் சிறியள், பின்னர் வான்முட்ட வளர்பவள். கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியடும் தம் 'தெய்வப் பிறப்பு' என்னும் நூலில் அவளை இரவின் மகளாகவும், வருத்தும் உழைப்பு, மறதி, பசி முதலியவற்றின் தாயாகவுமே கூறினார்.

ஆயின், அதன்பின் இயற்றியதாகக் கருதப்படும் 'உழைப்பும் நாள்களும்' என்னும் நூலின் தொடக்கத்திலேயே அவர் அக்கருத்தைத் திருத்துகின்றார். எரிஸ் ஒருத்தி அல்லள், இருவர். ஒருத்தி போரை வளர்ப்பவள். மூத்தவளோ அண்டை வீட்டான் செல்வத்தைக் காட்டிச் சோம்பனையும் உழைக்கத் தூண்டுபவள். சொத்துப் பற்றித் தம்மொடு வழக்கிட்ட உடன்பிறந்தான் பெர்ஸஸுக்கு அறிவுரையாக அமைந்த நூலாதலின், இத்திருத்தம் வெறும் புலமை விளையாட்டன்று. வழக்காடல் இளையவள் வழி. உழவு மூத்தவள் வழி.

இப்பிரிவு நிலைத்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. நல்ல எரிஸுக்கு அவர் காட்டும் சான்றுகளுள் குயவன் குயவன்மேற் கொள்ளும் சினமும், இரவலன் இரவலன்மேலும் பாடகன் பாடகன்மேலும் கொள்ளும் பொறாமையும் உள்ளன. போட்டியுணர்வைக் குறிக்கும் 'ஸேலோஸ்' என்னும் சொல்லும் இவ்வாறே இருபாற்படும். முன்னை நூலில் ஸேலோஸ் ஸ்டிக்ஸின் மகன். வெற்றி முதலிய உடன்பிறந்தாரொடு ஜீயஸை நீங்காது உறைபவன். பின்னை நூலிலோ, அண்டையானை ஒப்ப முயல்வதைச் சுட்டும் வினை அச்சொல்லினின்று பிறக்க, இரும்பு ஊழியின் மாந்தரைத் தொடரும் கொடுமுகத்தானுக்கும் அதுவே பெயராகின்றது.

அரிஸ்டாட்டில் தம் 'சொல்லாட்சிக் கலை'யின் இரண்டாம் பகுதியில் இச்சிக்கலை உணர்வின் காரணங்கொண்டு அறுத்தார்: பிறர் பெற்றனரே என வருந்துதல் பொறாமை, யாம் பெற்றிலமே என வருந்துதல் ஸேலோஸ், பின்னதே நல்லார்க்கு உரியது. எனினும், ஊக்கத்தைக் குறிக்கும் 'ஸீல்', பொறாமையைக் குறிக்கும் 'ஜெலஸ்' என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ஸேலோஸினின்றே கிளைத்தன.

எனவே, நல்ல எரிஸின் சான்றுகளிற் பொறாமை கலந்தமை ஹெசியடின் சோர்வு அன்று. அவர் உணர்வினை அதன் தூய்மையால் அளந்திலர். அது விளைக்கும் செயலாலே அளந்தனர். குயவனது சினம் மற்றொருவன் கலத்தை உடைப்பின் தீது. தன் கலத்தைச் செம்மையாக்கின் நன்று என்பதே அவர் கருத்தாதல் வேண்டும்.