"நாங்க வேற டிபார்ட்மெண்ட்"

2018 அக்டோபரில் தாமிரபரணி மகாபுஷ்கரத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு குறுக்குத்துறை போயிருந்தேன். படித்துறையில் நல்ல கூட்டம். ஓரமாக ஒருத்தர் சின்னக் குழாயில் குடிதண்ணீரைப் பிடித்து, ரெண்டு சொட்டு மருந்து விட்டு, குளோரின் இருக்கான்னு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியா சார்?" என்று கேட்டேன். "இல்ல அண்ணாச்சி, நாங்க வேற டிபார்ட்மெண்ட்."

அந்த "வேற" எங்கிருந்து வந்தது என்று தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

1919 சீர்திருத்தத்தில் பொது சுகாதாரம் மாகாணங்களின் கைக்கு வந்தது. 1939இல், ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில், மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இப்படியொரு சட்டம் அதுதான் முதல். குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், உள்ளாட்சிகளின் சுகாதார ஊழியர்கள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தன. திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. அப்போதைய அமைச்சர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனிடம் பொது சுகாதாரமும் அறநிலையமும் சேர்ந்தே இருந்தன என்பது கூடுதல் சுவாரசியம்.

1946இல் போர் குழு, சிகிச்சையும் தடுப்பும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கட்டும் என்றது. சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் இரண்டையும் இணைத்தன. நம்மூர் இணைக்கவில்லை. அதனால்தான் இன்றும் மூன்று இயக்குநரகங்கள். ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்வியின் கீழ். அம்பாசமுத்திரம் மாதிரி ஊர்களின் அரசு மருத்துவமனைகள் மருத்துவப் பணிகளின் கீழ். ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர் எல்லாம் பொது சுகாதாரத்தின் கீழ். மாநகராட்சி நகர்நல அலுவலர் ஆணையருக்குப் பதில் சொல்பவர், ஆனால் பொது சுகாதாரப் பணியிலிருந்து வருபவர். மத்திய அரசு 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் மூலம் பணம் கொடுத்தாலும், அரசியலமைப்பில் பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது.

மூன்று இயக்குநரகம் எதுக்கு, வீண் செலவுதானேன்னு முதல்ல எனக்கும் தோணுச்சு. எங்க சாஃப்ட்வேர் வேலையை நினைத்ததும் புரிந்தது. புகார் வரும் கோளாறைச் சரிசெய்வதும், கோளாறு வராமல் பராமரிப்பதும் ஒரே டீமின் வேலை என்றால், பராமரிப்பு எப்பவும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். வாசலில் நோயாளி காத்திருக்கும்போது குளோரின் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்? தடுப்புக்குத் தனி ஆள், தனிப் பணம் இருந்தால்தான் அது நடக்கும்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு எங்க தெருவுக்கு ஒரு அம்மா நோட்டோடு வந்தாங்க. "வீட்ல யாருக்காவது காய்ச்சல், வயித்துப்போக்கு இருக்கா?" அம்மா, "இல்ல தாயி" என்றாள். அந்த "இல்ல"வையும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாங்க.

ஆஸ்பத்திரிக் கணக்கில் அந்த "இல்ல" எந்தக் காலத்திலும் ஏறாது. அதைக் கேட்டு எழுதவும் ஒரு துறை வேணும்.