பர்க்ளரி

பிறர் வசிக்கும் வீட்டை இரவில் உடைத்து, பெருங்குற்றம் செய்யும் நோக்கத்தோடு உள்ளே புகுவதே பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் பர்க்ளரி. ஆங்கிலோ-நார்மன் வழியாக வந்த சொல். இந்திய தண்டனைச் சட்டம் (1860) இதை விடுத்து 'ஹவுஸ் பிரேக்கிங்' என்றது. பூட்டைத் திறப்பதும் சுவரேறி நுழைவதும் அதில் அடங்கும், இரவில் நடந்தால் தண்டனை கூடும். தமிழின் கன்னக்களவு பர்க்ளரிக்கு நெருங்கிய சொல். கன்னக்கோலால் சுவரைத் துளைத்தல் அதன் அடிப்படைப் பொருள்.

கொடைக்கானலில் சீசன் முடிந்து பூட்டிக் கிடக்கும் பங்களாவில் ஆளில்லாதபோது பொருள் போனால், அதை 'ராபரி' என்று எழுதுவது பிழை. ராபரிக்கு ஒருவரைத் தாக்குவதோ உடனடித் தீங்கு வரும் என்று அச்சுறுத்துவதோ வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ராபரி செய்தால் 'டெகாயிட்டி'. இந்தியிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல் அது.